சலவைத் தொட்டிக்கு நான் மாட்டிய பலகை

லிஸ்பன்,
மே 14

அன்பு மகள் கிராசியெத்துக்கு,

டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. ஆமாம், இது அப்பாவின் கையெழுத்தேதான். நம் தெருச் சங்கத்து மாலை வகுப்பில் ஐந்து மாதம் உட்கார்ந்து எழுபத்து மூன்று வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆகிறது, ஒவ்வொரு வரி முடிந்ததும் எட்டப் பிடித்துப் பார்த்து எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன், உன் அம்மா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அவள் என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது, குற்றம் என்னுடையதுதான். எழுத வந்ததும் கை சும்மா இருக்கவில்லை, ஒரு பலகையில் நீல வண்ணத்தில், பொதுச் சலவைத் தொட்டி இந்தப் பக்கம், இன்றும் இங்கே பெண்கள் துவைக்கிறார்கள் என்று எழுதி அம்புக்குறியும் போட்டுச் சந்து முனையில் மாட்டிவிட்டேன். நம் தெருவில் தொட்டிக்கு வழி தெரியாதவர் யார், என் எழுத்தைச் சுவரில் பார்க்கும் ஆசைதான். யாரோ அதைப் படம் பிடித்து, ஒருவருக்கும் தெரியாத இடம் என்று உலகத்துக்கே அனுப்பிவிட்டார்களாம், நாலாம் நாளே முதுகில் பையோடு கூட்டம் வந்துவிட்டது. ஒரு ஆள், படம் சரியாக விழவில்லை, அந்தத் துணியை இன்னொரு தரம் அடியுங்கள் என்று அம்மாவிடம் சைகை காட்டியிருக்கிறான், அவளும் மறுக்கத் தெரியாமல் அடித்துக் காட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து, நாப்பது வருஷமா துவைக்கிறேன், இன்னைக்குத்தான் கூத்தாடின மாதிரி இருந்துச்சு என்றாள், அதோடு பேச்சு நின்றது. எதிர்வீட்டு எர்மீனியா சும்மா இருப்பாளா, ஏன்யா எழுத்தாளரே, என் உள்பாவாடைக்கும் ஒரு பலகை எழுதி மாட்டிடுங்களேன் என்று தெரு கேட்கக் கத்தினாள்.

ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எல்லாரும் தொட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா குளியல் தொட்டியில் மண்டியிட்டுத் துவைக்கிறாள். மாதக் கடைசிவரை இப்படியே துவைக்க ஆள் வராவிட்டால் தண்ணீரை அடைத்துப் பூட்டிவிடப் போவதாகத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சொல்லிவிட்டாள். பூட்டிவிட்டால் உன் அம்மா யாரோடு பேசுவாள்? யாருக்குக் காய்ச்சல், யார் மகள் திரும்பி வந்துவிட்டாள் என்பதெல்லாம் ஈரத்துணியோடுதானே நம் வீட்டுக்கு வரும்.

பலகையின் மேல் வெள்ளையடித்தேன், கூட்டம் குறையவில்லை. அதனால் தினமும் காலையில் சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொட்டி எங்கே என்று கேட்பவர்களை வேறு பக்கம் அனுப்புகிறேன். மூக்கு உடைந்த புனிதரின் உருவம் உள்ள வண்ண ஓடு பதித்த சுவருக்குச் சிலர், ஞாயிறு மத்தியானம் சங்கத்தில் பாடுவதைக் கேட்கச் சிலர், வாசலில் செர்ரி மது விற்கும் லுதொவினாவிடம் மீதிப் பேர். அவளுக்கு வியாபாரம் ஆகிறதே என்று நினைத்தேன். நேற்று வந்து, அண்ணே, என் வாசல்ல நானே காலை நீட்டி உக்கார முடியல, இவங்களை வேற எங்கயாவது ஓட்டுங்க என்கிறாள். ஒரு வாசலைக் காப்பாற்ற இன்னொரு வாசலைக் கெடுத்துவிட்டேனோ என்று அது வேறு உறுத்துகிறது.

முந்தாநாள் நீ துணி துவைக்கும் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று போனில் சொன்னது எனக்கும் கேட்டது. அம்மா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மெஷின் வந்துவிட்டால் அவள் தொட்டிப் பக்கம் இனி போகவே மாட்டாள் மகளே.

இன்று காலை எர்மீனியா எங்கள் ஜன்னலைப் பார்த்து, தியொலிந்தா, இறங்கி வாடி, உன் புருஷன் முனையில காவல் நாய் மாதிரி உக்காந்திருக்கான், ஒருத்தனும் வரமாட்டான் என்று கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து அம்மா கூடையோடு இறங்கி என்னைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தேன், கூடையில் என் சட்டை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தொட்டிக்குத்தான் போனாள்.

கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். மெஷினை மட்டும் இப்போது அனுப்பாதே. அம்மாவிடம் எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம், அவள் கோபம் நியாயம்தான். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, யாரிடமும் கொடுக்காமல் நானே படிப்பேன்.

உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா,
அல்பெர்த்தீனோ