உமது பக்கத்தில் எழுதிய திருத்தங்கள்

விரிவுரையாளர்கள் பாடக்குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள நீர் இணையத்தில் திறந்துவைத்த பொதுத்தளம் அழியாது. உமது பெயரில் இருக்கும் அது கல்லூரியின் பெயருக்கு மாற்றப்படுகிறது. இன்று காலை கல்லூரிப் பதிவாளர் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். செய்தியாளன் வழக்கப்படி இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டேன். குறித்த பிறகுதான், இதை முதலில் உமக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று உறைத்தது.

நீர் காலமானபின் எல்லோருக்கும் ஒரே பயம். உமது கணக்கை மூடினால், அத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்ததும் அதோடு போய்விடும்.

ஆரம்பத்தில் அங்கே இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. யார் எதை ஏற்றினாலும் கீழே “அருமை சேர்”, “மிக நன்று மிஸ்” என்று ஒரு வரிசை. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. “கலியாணவீட்டு வாழ்த்துமடல் மாதிரிக் கிடக்கு, ஐசே” என்று நீர் அலுத்துக்கொண்டீர்.

பிறகு நெற்செய்கைப் பாடத்தில் பிழைவிட்டீர். மாரி மழையோடு விதைப்பது சிறுபோகம், குளத்துத் தண்ணீரை நம்பி விதைப்பது காலபோகம் என்று மாற்றி எழுதிவிட்டீர். அதுவும் நீர், உயிலங்குளத்து வயல்காரரின் மகன். மூன்று வாரம் அது அப்படியே கிடந்தது. கீழே “அருமை சேர்” மட்டும் கூடிக்கொண்டு போனது. வகுப்பில் மாணவர்கள் சிரித்தபோதுதான் உமக்குத் தெரிந்தது.

அன்று ஒரு செய்திக்காக நான் கல்லூரிக்கு வந்திருந்தேன். விரிவுரையாளர் அறையில், கதிரையில் இருக்காமல் நின்றபடியே கேட்டீர்.

“ஒருத்தரும் காணேல்லையோ?”

எல்லோரும் கண்டிருந்தார்கள். வெள்ளாங்குளத்திலிருந்து வரும் உமது பழைய சகா மெல்லச் சொன்னார்: “வயல்காரன்ர மகன் போகத்தை மாத்தி எழுதினா, அது புதுக் கண்டுபிடிப்பாக்கும் எண்டு இருந்திட்டன்.”

முசலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த விரிவுரையாளர் பசீலா சிரிக்கவில்லை. “உங்கட பக்கத்தில நான் கை வைக்கிறதோ, சேர்? தனிய போனில சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு அதுவும் மரியாதை இல்லை எண்டு விட்டிட்டன்.”

“அப்ப பிள்ளையள் பிழையாப் படிக்கிறது மரியாதையோ?”

வெளியே வந்ததும் என்னைப் பிடித்தீர்.

“உம்மட பேப்பரில பிழை வந்தா என்ன செய்வீர்?”

“அடுத்தநாள் திருத்தம் போடுவம்.”

“எங்க?”

“உள்பக்கத்தில, ஒரு மூலையில.”

“அதுக்குப் பேர் திருத்தமில்லை, ஐசே. ஒளிக்கிறது.”

அன்று பின்னேரம் உமது பக்கத்தின் தலைப்பில் எழுதினீர்: “பிழை விட்டது நான். கண்டும் பேசாமல் இருந்தது நீங்கள். இரண்டையும் திருத்துவோம்.” மாணவர்களுக்குச் சரியானதைச் சொல்லிவிட்டீர். ஆனால் பக்கத்தில் பிழையை நீர் தொடவில்லை. இரண்டு நாள் காத்திருந்தீர். மூன்றாம் நாள் பசீலா தன் பெயரைப் போட்டுத் திருத்தினார்; நீர் ஒப்புக்கொண்டதும் அது ஏறியது. அந்தத் தளத்தில் ஒருவர் இன்னொருவரைத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு திருத்தங்கள் அணை உடைந்ததுபோலத்தான். “இப்ப ஒரு வரி நிம்மதியா எழுத விடுறாங்களில்லை” என்று என்னிடம் முறைப்பட்டீர். எத்தனையோ திறப்புவிழாக்களுக்குப் போய், நாடா வெட்டியவர்களின் முகங்களைப் பார்த்து எழுதியவன் நான். அன்று உமது முகத்தில் இருந்த பெருமையை அங்கெல்லாம் கண்டதில்லை.

எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. என் செய்தியில் பிழை வந்தால், செய்தி வந்த அதே இடத்தில் திருத்தமும் வரவேண்டும் என்று பத்திரிகை ஆசிரியரோடு சண்டை பிடிக்கிறேன். பெரும்பாலும் நான்தான் வெல்கிறேன்.

ஒரு விடயம் மட்டும் இன்னும் முடியவில்லை. கிணறுகள் உவர்ப்பாவது பற்றி நீர் கடைசியாக எழுதிய பாடத்தில் ஒரு பிழை இருக்கிறது. பசீலா திருத்தத்தை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துக்கு உரியவர் ஒப்புக்கொண்டால்தான் அது ஏறும்.

“சேர் இருந்தா சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார், ஆதாரம் கேப்பார்” என்றார் என்னிடம். “அதையும் சேர்த்துத்தான் எழுதினனான்.”

கைமாற்றம் வருகிற புதன்கிழமை என்கிறார் பதிவாளர். அன்று உமது பக்கம் கல்லூரியுடையதாகும்; பசீலாவே அதை ஏற்றிவிடலாம். அதுவரை அந்தப் பிழை உமது பெயரிலேயே இருக்கும்.