கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

கலவான,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சுமனுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கோம், கத்தார் வெயில்ல நீயும் வாடாம நல்லா இருக்கணும். அப்பாவுக்கு முட்டுவலி விட்டபாடில்ல. மழையில மண்ணு சரிஞ்சு ரோட்டு மூணு நாள் மூடிக்கிடந்து இப்பதான் பஸ் ஓடுது. போன்லயே சொல்லலாம்தான், ஆனா நீ வேலைக்கு ஓடுற அவசரத்துல சரிம்மா விடும்மான்னு வெச்சிடுறே. இது விடுற விஷயம் இல்ல, அதான் உக்காந்து எழுதுறேன்.

போன வருஷம் கொழும்புல இருந்து ஆராய்ச்சிக்காரங்க வந்தாங்கன்னு சொன்னேன்ல, தேயிலைத் தோட்டத்து ஆளுங்களுக்கு ஏன் கிட்னி கெட்டுப்போகுதுன்னு நாடு பூரா பார்க்குறாங்களாம். டாக்டருங்க மட்டும் முடிவு பண்ணாம சனங்களையும் கேட்டுத்தான் செய்யணும்னு ஒரு மக்கள் குழு போட்டாங்க. எனக்கு சிங்களமும் வரும், தமிழ் எழுதவும் வரும்னு தோட்டத்து வெல்பெயர் ஆபீசர் ஐயா என் பேரைக் கொடுத்துட்டாரு. எனக்கும் பெருமைதான், இல்லேன்னு சொல்லல. லயம் லயமா, வீடு வீடாப் போய் இருபத்தேழு பொம்பளைங்களை ரத்தம் கொடுக்க வெச்சேன். எதிர்க் காம்பரா வீட்டு இருளாயி பெரியம்மா ஊசியைக் கண்டாலே மயங்குறவ. நீ சொல்றேங்கிறதுக்காகத்தான் கொடுக்குறேன் மல்லிகான்னு கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுனா.

ரத்தினபுரியில முதல் கூட்டம். என்ன கேக்கணும்னு சொல்லுங்கன்னாங்க. நான் எழும்பி சிங்களத்துலயே சொன்னேன், மலையில எங்களுக்கு கக்கூஸ் இல்ல, சுத்தி ஆம்பளைங்க, பத்தைக்குள்ள ஒதுங்குனா அட்டை கடிக்கும், அதனால காலையில இருந்து தண்ணி குடிக்காமலே கொழுந்து எடுக்குறோம், மூத்திரம் வந்தாலும் வேலை முடியுற வரைக்கும் அடக்கிக்கிறோம், அதைக் கேளுங்கன்னேன். பெரிய டாக்டர் போஹொம ஹொந்தை, ரொம்ப நல்லதுன்னு தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கிட்டாரு. வெக்கத்தை விட்டு அத்தனை பேர் முன்னால பேசினேன்டா தம்பி. மூணாவது கூட்டத்துல அச்சடிச்ச கேள்வித்தாளைக் கொடுத்தாங்க. நாளொன்றுக்கு எத்தனை கோப்பை நீர் அருந்துகிறீர்கள்னு இருக்கு, அவ்வளவுதான். ஏன் குடிக்கிறதில்லைன்னு ஒரு வரி இல்ல. கேட்டா, மேல கமிட்டி பாஸ் பண்ணிட்டாங்க, இனி மாத்த முடியாதாம். அப்புறம் எதுக்குடா என்னை ரெண்டு பஸ் மாறி வரச் சொன்னாங்க? பொதுமக்கள் கருத்து பெறப்பட்டதுன்னு ஒரு தாளை நீட்டி கையெழுத்துப் போடுங்க, போட்டோ எடுக்கணும்னாங்க. நான் பேனாவை மேசையில வெச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அப்பா கூட, உனக்கு எதுக்கு இந்த வம்புன்னுதான் சொன்னாரு.

ரெண்டு வாரம் போகல, இருளாயி மலையில கொழுந்துக் கூடையோட விழுந்துட்டா. கால் ரெண்டும் வீங்கிக்கிடந்தது. ஆஸ்பத்திரியில, கிட்னி பாதிக்கு மேல கெட்டுப்போச்சு, இதுக்கு முன்னால ரத்தம் பார்க்கவே இல்லையான்னு கேட்டாங்க. எட்டு மாசத்துக்கு முன்னாலயே கொடுத்தோமே! ரத்தம் கொடுத்தப்போ தந்த அவ நம்பர் அட்டையை எடுத்துக்கிட்டு ஆராய்ச்சிக்காரங்க ஆபீசுக்குப் போனேன். அங்க கஜானின்னு யாழ்ப்பாணத்துப் புள்ள ஒண்ணு வேலை செய்யுது. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துட்டு அதுக்கு முகமே செத்துப்போச்சு. அப்பவே ரத்தத்தில பிழையெண்டு தெரிஞ்சிருக்கு அக்கா, உடனே கிளினிக்குக்குப் போகச் சொல்லி கடிதமும் போட்டிருக்கினம்னுச்சு. எங்க போட்டாங்க? தோட்டத்து டிஸ்பென்சரிக்கு, சிங்களத்துல. அங்க இருந்தவர் மாறிப் போயி, போய்ப் பார்த்தா மேசை லாச்சியில உடைக்காம கிடக்கு. ஒண்ணு இல்ல, ஒம்பது கடிதம். அதை நானே வீடு வீடாக் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுனேன். இருளாயி என்னை ஒரு வார்த்தை திட்டல, திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த சனிக்கிழமை கஜானி சொல்லாமக் கொள்ளாம வந்துடுச்சு. நானும் உங்களோட மலைக்கு வாறன், நீங்கள் தண்ணி குடிக்காட்டி நானும் குடிக்கமாட்டன்னு சொல்லி, காலையில பேர் பதியுற பெரட்டுல இருந்து கொழுந்து நிறுக்குற வரைக்கும் கூடவே நின்னுச்சு. மத்தியானம் போல தாங்க முடியாம, எங்க போறது அக்கான்னு மெதுவாக் கேட்டுச்சு. நான் பத்தையைக் காட்டுனேன். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கவே இல்ல. அடுத்த கூட்டத்துக்கு இருளாயியையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டுப் போச்சு.

கூட்டிட்டுப் போனேன். பெரிய டாக்டர், இந்த ஆராய்ச்சியில உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. இருளாயி, என் ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லியிருக்கணும், நீங்க கடிதாசிக்குச் சொல்லிட்டீங்கன்னு நேராவே சொன்னா. நான் அதை அப்படியே சிங்களத்துல சொன்னேன். பெரிய டாக்டர் எழும்பி வந்து அவ பக்கத்து நாற்காலியில உக்காந்து மன்னிப்புக் கேட்டாரு. இப்ப கமிட்டிக்கு மறுபடி எழுதி, நான் சொன்ன கேள்வியையும் சேர்த்துட்டாங்க. இனி யாருக்கு என்ன முடிவு வந்தாலும் தமிழ் தெரிஞ்ச ஆள் லயத்துக்கே வந்து சொல்லணும்னும் எழுதியாச்சு. எல்லாரும் கைதட்டுனாங்க, எனக்குக் கை எழும்பல. மலையில இன்னும் கக்கூஸ் இல்ல. கேட்டா, அது எங்க வேலை இல்ல, சிபாரிசு பண்ணுவோம்கிறாங்க. மறுபடி அதே தாளை நீட்டுனாங்க. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டேன், ஆனா அதுக்குக் கீழ தமிழ்ல, இருளாயிக்கு இது எட்டு மாசம் பிந்தி வந்ததுன்னும் எழுதினேன். அங்க எழுதக் கூடாது அம்மான்னு ஒருத்தர் தாளைப் பிடிச்சாரு. நான் எழுதி முடிச்சுட்டுத்தான் கையை எடுத்தேன்.

சாமி உனக்கு நீண்ட ஆயுசையும் நல்ல மனுசங்க துணையையும் கொடுக்கட்டும். பாஸ்போர்ட் தேதி முடியப்போகுது, மறக்காம முன்கூட்டியே கொடுத்து வை.

இப்படிக்கு,
உன் நினைப்பாவே இருக்கும் அம்மா,
மல்லிகா கந்தையா.