நூல் குடித்த ஒயின்

1972, தை மாதம், வெள்ளிக்கிழமை.

தங்கை கணவர் பட்டுக்கடை வைத்திருக்கிறார். வெள்ளைக்காரர் யாராவது வந்தால் மட்டும் என் இங்கிலீஷ் அவருக்கு ஞாபகம் வரும்.

இன்று வந்த பிரெஞ்சுக்காரர், தன் அப்பாவின் தோட்டத்து ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். சுண்ணாம்புப் பாறை நிலம், பெரும்பாலும் மெர்லோ திராட்சை, பத்து வருடம் நிலவறையில் இருந்ததாம். இத்தனை வருடமாக நான் புத்தகத்தில் மட்டுமே குடித்த சரக்கு. ஒரு வாய் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தேன்.

முதல் கிளாசை வாங்கிய தங்கை கணவர், வெள்ளைப் பட்டு நூலை அதில் முக்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "அரக்கு கலரு நல்லா ஏறிக்கினு வருது மச்சான். ஆனா தண்ணில நிக்காதுன்னு சொல்லுங்கோ."

அவர் அவமானப்படட்டும் என்று ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பிரெஞ்சுக்காரருக்கோ பரவசம். அதே நிறத்தில் நூறு கெஜம் பட்டு வேண்டுமாம். சாயம் போடுபவருக்கு மாதிரி காட்ட, மிச்சம் முழுவதையும் தங்கை கணவர் ஒரு சொம்பில் கவிழ்த்தார்.

"எனக்கு ஒரு வாய்?" என்றேன்.

"இன்னா மச்சான், குடிக்கிற ஆளா நீங்கோ? வாத்தியார் கவுரவம் இன்னாத்துக்கு ஆவுறது?" என்று சொம்பைத் தட்டுப்போட்டு மூடினார்.

அந்த ஈர நூலை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்தேன். சற்றுமுன் வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தேன். பட்டுப்பூச்சி ருசிதான் வந்தது.