உன் கனவில் நின்ற மூச்சு

என் பிரியமுள்ள அண்ணா,

நேற்று உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெலானிபூர் ஆபீசில் வேலை பார்க்கும் உன் மகள் செல்விக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. கனவு காணும் தூக்கத்தில்தான் அதிகம். சொன்னவர் அவளைப் பரிசோதித்த டாக்டர். அறிக்கையை வாங்கி இரண்டு முறை படித்தேன்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பிடரிக்கு மேலே மூளைத்தண்டு. கனவுத் தூக்கத்தைத் தொடங்கி வைக்கும் நரம்பணுக்களும், மூச்சுக்குத் தாளம் போடும் நரம்பணுக்களும் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. கனவு வந்ததும் கைகாலைக் கட்டிப்போடும் உத்தரவு அங்கிருந்துதான் இறங்குகிறது. இல்லையென்றால் கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டே ஓடிவிடுவார். மூச்சை இழுக்கும் உதரவிதானம் மட்டும் வேலையை நிறுத்தாது. ஆனால் தொண்டைத் தசையும் தளர்ந்துவிடுகிறது. சிலருக்கு அப்போது மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும். மூளைதான் உலுக்கி எழுப்ப வேண்டும்.

கேட்கக் கேட்க உன் நினைவுதான். காலைப் படகு பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் துறை சேர்வதற்குள், முந்தின இரவு கண்ட கனவைத் தமிழும் ஹிந்தியுமாகச் சொல்லி முடிப்பாயே. "நீச்சே, பில்குல் நீச்சே, கடலுக்கு அடியில போயிட்டேன் தாதா. மூச்சே இல்ல. மேல பாத்தா கப்பலோட அடிப்பக்கம் தெரியுது."

"ஃபிர்?" என்று அப்புறம் நடந்ததைக் கேட்பார் பெங்காலி மீன் வியாபாரி. நிருபராக நான் எழுதிய செய்தி வந்த பேப்பரை ஈர பெஞ்சில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்துதான் எல்லோரும் உன் கனவைக் கேட்பார்கள். "என் தம்பிகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல, ரெண்டு சாட்சி கேப்பான்" என்பாய். படகே சிரிக்கும். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஒரு நாள் அண்ணி என்னைப் படகுத்துறையில் தனியாக நிறுத்தினார். "தம்பி, அது வெறும் கனவு இல்ல. நெஜமாவே மூச்சு நிக்குது. ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரையாவது கேளுங்களேன்."

"அவரு விடற கதைய நீங்களுமா நம்புறீங்க அண்ணி?" என்றேன்.

கேள்வி கேட்டே பிழைத்தவன், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். அதனால்தானா என்று நேற்று டாக்டரிடம் கேட்டேன். பரிசோதிக்காத ஆளைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார்.

செல்வி இனி மூச்சுப்பாதைக்குள் காற்றைத் தள்ளும் கருவியின் மாஸ்க்கை மாட்டித்தான் தூங்க வேண்டும். மறுக்கிறாள். "மூச்சு முட்டுற கனவுலதான், சித்தப்பா, அப்பா வர்றாரு. கைய நீட்டுறாரு." கனவு எங்கும் போகாது, தூக்கம் கலையாமல் இருந்தால் நீளக்கூடும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "அப்பா வருவாருன்னு எழுதித் தருவாரா?" என்றாள். உன் மகள்தான்.

பொறாமை இன்னும் தீரவில்லை அண்ணா. என் மூச்சு சீராக ஓடுகிறது. கண்ணை மூடினால் வெறும் இருட்டு. என்னிடம் ஏன் ஒரு முறைகூட வரவில்லை?

கருவி மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்குக் கப்பலில் வருகிறது. கடல் விட்டால் செவ்வாய்க்கிழமை சேரும் என்கிறார்கள். அவள் மாட்டிக்கொள்வாளா, தெரியாது. அன்று அண்ணி கேட்டதும் நான் சொன்ன பதிலும் அவளுக்குத் தெரியாது. அண்ணி சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கப்பல் வருவதற்குள் ஒரு சொல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடாமல் போனாலும் சரி, உனக்கும் மூச்சு நின்றது தெரிந்து மாஸ்க்கை மாட்டட்டும்.

உன் கூடப்பிறந்த
தம்பி