வளராத செல்கள்

அன்புள்ள ஒஸ்மோ,

அப்பாவின் தமனியை அடைத்த மரபணு உனக்கும் வந்திருப்பதை உன் வீட்டு சானா என்னும் நீராவிக் குளியலறையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "சூடான கல்லுல தண்ணி ஊத்துற நேரத்துலயா சாவைப் பத்திப் பேசுவ?" என்று துண்டோடு எழுந்து போனாய். அப்புறம் உன் வீட்டுக் கதவையே எனக்குத் திறக்கவில்லை.

எங்கள் ஆய்வகத் தட்டுகளில் நோயாளிகளின் தமனித் தசைச் செல்களை வளர்க்கிறோம். தமனிக்குள் இப்படிப் பெருகித்தான் அவை வழியை அடைக்கின்றன. நேற்று அந்த மரபணுவைச் செயல்படாமல் அடக்கிவைத்த செல்களின் தட்டை நீட்டி, மாணவி ஹில்லா, "வளரவே இல்ல, கெடுத்துட்டேன்" என்று முகம் வாடினாள். பார்த்தேன். எல்லாம் உயிரோடு, பெருகாமல் சும்மா கிடந்தன. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், பயந்தே போய்விட்டாள்.

இது மருந்தாக வருஷங்கள் ஆகும். அதுவரை டாக்டர் தந்த மாத்திரையை விடாதே.

சனிக்கிழமை கறுப்பு ரொட்டியோடு வருவேன். சானாவில் வாய் திறக்க மாட்டேன். நீ கதவை மட்டும் திற.

உன் அக்கா