மகிமை சொல்லும் இடம்

சேசு மரி சூசை துணை

துலோன், பிரான்ஸ்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ஒர்த்தான்ஸுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது. தினமும் போனில் பேசிக்கொண்டே கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். சிரித்தால் நல்லதுதான். நம் பெண் மரீனை அடக்கம் செய்த பிறகு நீ சிரித்து நான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். உனக்கு மாலை ஆறு மணி, எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். நான் பாதி சொல்ல, நீ பாதி சொல்ல, ஜெபமாலை ஒழுங்காகத்தான் போகிறது. பத்து அருள்நிறை மந்திரம் முடிந்து, ‘பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக’ என்று நான் மகிமை சொல்லும்போது மட்டும் உன் பக்கம் சத்தமே இல்லை. அந்தப் பழைய போனை மாற்றிவிடு. பட்டாளத்துப் பென்ஷன் தாள்கள் கைக்கு வரும்வரை நான் இங்கேதான் கிடக்க வேண்டும்.

அன்புடன்,
பியேர்

*

சேசு மரி சூசை துணை

தருமபுரம், காரைக்கால்
17 பிப்ரவரி 2025

மரீன் அப்பாவுக்கு,

போன் நன்றாகத்தான் இருக்கிறது. டவர் சரியில்லை.

கோட்டுச்சேரிமேட்டுக் காசியம்மா மத்தி மீன் கொண்டுவந்தாள். குழம்பு வைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் தெரியவில்லை. பாப்பாவின் ஸ்கூட்டியைத் துடைத்துப் பழைய இடத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதீர்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்?

இப்படிக்கு,
மரீன் அம்மா

*

சேசு மரி சூசை துணை

துலோன்
1 மார்ச் 2025

ஒர்த்தான்ஸுக்கு,

ஜெபமாலையின் ஐந்து பத்துக்கும் சரியாக ஐந்து தடவை, அதுவும் மகிமையில் மட்டும் போகிற டவர் எந்த ஊரில் இருக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. ஆண்டவருக்குச் சேரவேண்டிய மகிமையை நிறுத்திவைக்க நாம் யார்? நீ உண்மையை எழுதும்வரை நான் போன் செய்யப்போவதில்லை.

பியேர்

*

சேசு மரி சூசை துணை

தருமபுரம்
14 மார்ச் 2025

மரீன் அப்பாவுக்கு,

எத்தனை வருஷமானாலும் பட்டாளத்துக்காரர் பட்டாளத்துக்காரர்தான். இரண்டு வாரமாக இரண்டு பாதியையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம்கூட வரமாட்டேன் என்கிறது. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் தினமும் என்னைக் கிள்ளிப் பார்க்கிறேன்.

நவம்பரில் பாப்பா ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தபோது போன் செய்தீர்கள். ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே வைத்தேன். “பயப்படாத பாப்பா. நீ எந்திரிச்சு வருவ. ஆண்டவரோட மகிமை உன்னாலதான் வெளங்கப்போவுது” என்றீர்கள். நம்பினாள். தண்ணீர் கொடுக்க வந்த நர்ஸிடம், “அப்பா சொல்லிட்டாங்க, நான் வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கண்ணை நான்தான் மூடினேன்.

ஆண்டவரோடு எனக்குச் சண்டை இல்லை. மற்ற மந்திரமெல்லாம் வாயில் வருகிறது. மகிமை என்ற அந்த ஒரு சொல்லில் மட்டும் உங்கள் அன்றைய குரல் கேட்கிறது, நிறுத்திவிடுகிறேன். மனசில்லாமல் சொல்லிவைக்கலாம், உங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியுமே. சல்யூட் அடித்துவிட்டுப் போக அது பரேடா? நான் சொல்வதால் அவர் மகிமை கூடப்போவதில்லை, சொல்லாததால் குறையப்போவதும் இல்லை. பொய்யாகச் சொல்வதுதான் அவமரியாதை.

அந்த இடத்தில் தலைகுனியச் சின்ன வயதிலேயே பழகியவள் நான். இப்போதும் ஐந்து தடவையும் குனிகிறேன். போனில் அது கேட்காது.

இனிப் போன் செய்வது உங்கள் இஷ்டம்.

மரீன் அம்மா

*

சேசு மரி சூசை துணை

துலோன்
27 மார்ச் 2025

அன்புள்ள மரீன் அம்மாவுக்கு,

நான் சொன்னதை மறக்கவில்லை. மறந்ததுபோல் இருந்தேன். தன் மகிமையை எப்படிக் காட்டவேண்டும் என்று ஆண்டவருக்கே உத்தரவு போட்டவன் நான். அந்த வெட்கத்தில்தான் அந்த இடத்தில் மட்டும் சத்தமாகச் சொல்லிவந்தேன், பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டும் அளவுக்கு.

கடிதம் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. அன்று ஆறு மணிக்குப் போன் செய்கிறேன். பத்து முடிந்ததும் நானும் வாய் திறக்கமாட்டேன். மகிமையைச் சொல்லி முடிக்க ஆகும் நேரம்வரை இங்கே தலைகுனிந்திருப்பேன். பிறகு அடுத்த பத்தை நீ தொடங்கு.

ஒன்றும் கேட்கவில்லையே என்று போனை வைத்துவிடாதே.

மரீன் அப்பா