நான் உட்காரும் பக்கம்

அன்புள்ள மாமாவுக்கு, குவைத்திலிருந்து உங்கள் மனைவி பிரேமலதா. நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

"புத்தூர் தார் ரோட்டுலயும் ஓடணும், கழனிக்குப் போற கல்லு மேட்டுலயும் ஏறணும், வெலயும் கம்மியா இருக்கணும்" என்று எழுதியிருந்தீர்களே, நீங்கள் பார்த்து வைத்த அந்த உயரமான பழைய பைக்கையே எடுங்கள்.

நேற்று வாஷிங் மெஷின் குலுங்கியபோது, பைக்கில் உங்கள் பின்னால் உட்காருவதுபோல் அதன்மேல் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினேன். கார்வேட்டிநகரம் தாண்டி, நம் கழனி வரைக்கும் காற்று முகத்தில் அடித்தது. வேலை செய்யும் வீட்டின் அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார், திட்டவில்லை.

அந்த மாதிரி வண்டியில் சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்க சாரி கார்டு இருக்காதாம். மேட்டில் இடிக்கும் என்று மெக்கானிக் சொன்னாலும் மாட்டச் சொல்லுங்கள்.

வீட்டு அம்மா கூப்பிடுகிறார். வண்டியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். உங்கள் முகம் விழாவிட்டாலும் பரவாயில்லை, நான் உட்காரும் பக்கம் தெரியட்டும்.

பிரேமலதா